பஞ்சு எடுக்க வேண்டிய நேரம்

ஒரு மணித்தியாலம் என்றுதான் டொக்டர் றிஸ்மியா சொன்னார். கடைவாயில் பல் இருந்த குழியின் மேல் பஞ்சுத் துணியை நாலாக மடித்து வைத்து, என் தாடையைத் தன் விரல்களால் மூடினார்.

"நல்லாக் கடிச்சிக்கங்க. பேச வேணாம், துப்ப வேணாம், வாய் கொப்புளிக்க வேணாம். ஒரு மணித்தியாலம் போனதும் மெதுவா எடுத்துப் போட்டிருங்க. அதுக்கு மேல வச்சிருக்கத் தேவையில்ல."

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. உக்குவளைத் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை எனக்கு. மேசைக்கு முன்னால் மரப் பெட்டிகள், பெட்டிகளில் ஊர்ப் பெயர்கள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் த்ரீவீலர்காரர் என்னிடம் ஏதோ கேட்டபோது, என் மனைவி நிரஞ்சனிதான் பதில் சொன்னாள்.

"பேச மாட்டாரு அண்ணே. ஞானப்பல்லு புடுங்கியிருக்கு. புடுங்காட்டியும் பேச மாட்டாரு."

அவர் சிரித்தார். நான் கண்ணாடியில் என் வீங்கிய இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நிரஞ்சனி வாசலுக்கு நேரே இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். தோளில் ஒரு துவாயைப் போட்டாள். டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையும் கஞ்சிக்குச் சிவப்பரிசியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டாள்.

"பதினொண்ணுக்குப் பத்து இருக்கறப்ப எடுத்துருங்க. புத்தகத்த வச்சிக்கிட்டு மறந்துராதீங்க."

புத்தகத்தைத் திறக்கவில்லை. ஊசியின் மரப்பு உதட்டிலிருந்து காது வரை இருந்தது. வாய்க்குள் துருப்பிடித்த ஆணியை வைத்திருப்பது போல ஒரு ருசி. கடிகாரம் பக்கத்துச் சுவரில், நாட்காட்டிக்கு மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குப் பத்து ஆனது. எழுந்துபோய் எடுத்திருக்க வேண்டும். எழவில்லை. பேச வேண்டாம் என்று ஒரு டொக்டரே சொல்லியிருக்கும்போது அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீடித்தால் என்ன என்று இருந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது.

அக்கா நின்றாள்.

ராசம்மா அக்காவுக்கு என்னைவிட ஒன்பது வயது கூட. நாலந்தா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புள்ளக்காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. இருபது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்குவாள், அதே தொண்டையால் அரை மணித்தியாலத்தில் தூங்கவும் வைத்துவிடுவாள். வாய் எப்போதும் வெற்றிலையில் சிவந்திருக்கும். அன்றைக்கு வாய் சிவப்பாக இல்லை. அதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

எங்களுக்குள் பேச்சு நின்று ஏழு வருடம்.

எங்கள் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பேச்சில்லாத வீட்டுக்கு ஒருவர் வந்து நின்றால், வீட்டில் இருப்பவர் "வா" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழாமல் வந்தவர் படி தாண்ட மாட்டார். விழுந்துவிட்டால் போதும். தேத்தண்ணி வரும், பாய் வரும், பழைய கதையை யாரும் எடுக்க மாட்டார்கள். எங்களில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கென்று இருக்கிற சொல்லே அந்த "வா"தான்.

அக்கா படிக்குக் கீழே நின்றாள். ஒரு கையில் குடை, மறு கையில் சீலைத்துணிப் பை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நல்ல ஏற்றம், வெயில் உச்சிக்கு வருகிற நேரம். தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

"நிரஞ்சனி இல்லயா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, கதவு நிலையைப் பார்த்துக் கேட்டாள். பேச்சில்லாதவர்கள் அப்படித்தான் பேசுவோம்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று தாண்டி ஒரு நிமிடம். பஞ்சு எடுக்கிற நேரம் முடிந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. கையை வாய்க்குள் விட்டு அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு எழுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்கும் முடியாவிட்டால் கையைத் தூக்கியிருக்கலாம். எழுந்து நின்றிருந்தால்கூட அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

பஞ்சை இறுக்கிக் கடித்தேன்.

எதற்காக என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது.

அப்பா மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் தம்புள்ளையில் வேலை பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்று சொல்லியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை அக்கா தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி, அப்பாவைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டு போய்விட்டாள். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாங்கு போட்டிருந்தார்கள், ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில், பிணத்தின் தலைமாட்டில் நின்று, "நீ கையெழுத்துப் போட்டதாலதான் அப்பா செத்தாரு. நீதான் கொன்ன" என்றேன்.

அக்காவின் புருசன் மாடசாமி மச்சான் எழுந்து வந்தார். அக்காதான் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அப்பாவே வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சாகிறது என்றால் தன் லயத்துக் காம்பராவில் சாக வேண்டும் என்று அவளுடைய கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். தம்பியிடம் சொல்லாதே, அவன் விட மாட்டான் என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் கருமாதிக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எனக்கு ஆறாமல் இருந்தது அவள் போட்ட கையெழுத்து இல்லை. அப்பா என்னிடம் கேட்கவில்லை என்பதுதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய் வெளியே நின்றேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வா தம்பி" என்றாள். நான் உள்ளே போனேன், சாப்பிட்டேன், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்தேன். அவள் சொல்ல வேண்டியதை அன்றே சொல்லிவிட்டாள். என் பங்குதான் மிச்சம் இருந்தது. நாள் போகப் போக அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் தாமதித்த சொல்லை எப்படிச் சொல்வது? இரண்டு வருடம் என்றால்? அப்படியே ஏழு வருடம்.

வாசலில் அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். வாயைத் திறந்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கீழே தண்டவாளத்தில் கண்டி ரயில் போகிற சத்தம் கேட்டது. அது முழுதாகப் போய் முடியும் வரை இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் வீங்கிய கன்னம் சுவர்ப் பக்கம் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்காது.

"சரி" என்றாள்.

பையைப் படியில் வைத்தாள். குடையை விரித்தாள். போய்விட்டாள்.

அவள் வளைவில் மறைந்ததும் நான் எழுந்தேன். பின்பக்கம் வாழை மரத்தடிக்குப் போய்ப் பஞ்சைத் துப்பினேன். வாயில் ஊறிய இரத்தத்தையும் துப்பினேன். திரும்பத் திரும்பத் துப்பினேன். துப்ப வேண்டாம் என்று சொன்னது நினைவில் இருந்தது.

நிரஞ்சனி திரும்பி வந்தபோது படியில் பையைப் பார்த்தாள். உள்ளே நாலு ஆனைக்கொய்யாப் பழம், நன்றாகப் பழுத்தவை.

"யாரு வந்தா?"

"அக்கா" என்றேன். மரத்த நாக்கில் அது சரியாக வரவில்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். "அண்ணியா? உள்ள கூப்பிட்டீங்களா?"

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். "பஞ்சு இருந்துச்சு."

"ஐயோ, பாவம்" என்றாள் நிரஞ்சனி. அக்காவைச் சொன்னாளோ என்னைச் சொன்னாளோ தெரியவில்லை. நம்பிவிட்டாள். அன்று மாலையும் மறுநாளும் கஞ்சியைத் தவிர எனக்கு இறங்கியது அந்தப் பழம் மட்டும்தான். சீனி போட்டு மசித்துத் தருவாள். வலது பக்கமாக வைத்து விழுங்குவேன்.

வியாழக்கிழமை இரவு வலி தொடங்கியது. பல் இருந்தபோது பட்ட வலியெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. காதுக்குள்ளும் கண்ணுக்குப் பின்னாலும் யாரோ கம்பியைச் சுடவைத்து இழுப்பது போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிப் பல் பகுதி வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டொக்டர் றிஸ்மியா விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். மணம் பிடித்தார். முகமூடிக்கு மேலே கண்கள் சுருங்கின.

"துப்பினீங்களா?"

தலையாட்டினேன்.

"எத்தின தரம்?"

விரல்களைக் காட்டத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"சரிதான். அந்தக் குழியில ரத்தம் கட்டியிருக்கணும். அதுதான் எலும்புக்கு மூடி. நீங்க மூடியத் துப்பிட்டீங்க. இப்ப உள்ள எலும்பு வெறுமையா நிக்குது, காத்துப் பட்டாலும் வலிக்கும்." பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிடம் திரும்பி, "படிச்ச ஆக்கள்தான் சொல்றதக் கேக்கிறதே இல்ல, பாத்தீங்களா?" என்றார்.

உப்பு நீரால் குழியைக் கழுவினார். நாடா போன்ற மெல்லிய துணியை ஒரு சிறு போத்தலில் இருந்த மருந்தில் தோய்த்து, இடுக்கியால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வைத்தார். கராம்பு மணம் அறை முழுக்கப் பரவியது. நான் பிறந்த தோட்டத்தில் கராம்புக் காலத்தில் சாக்கு விரித்து மொட்டுகளைக் காயப் போடுவார்கள். லயத்துக்குள், உடுப்புக்குள், சோற்றுக்குள் எல்லாம் அந்த மணம் இருக்கும்.

ஐந்து நிமிடத்தில் வலி இறங்கியது. பத்து நிமிடத்தில் இல்லவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப நான் ஆளு நல்லம், என்ன?" என்றார் டொக்டர். "ஆனா ஒண்டு சொல்றேன். இது ஆத்துற மருந்தில்ல. வலி தெரியாம இருக்கிறதுக்குத்தான். புண்ணு அது பாட்டுக்கு, உள்ளேருந்து மெதுவாத்தான் ஆறும். மூணு நாளைக்கு ஒருக்கா வாங்க, மாத்தி வைக்கிறேன். இதத் தோண்டி எடுத்துராதீங்க. பேசலாம், சாப்பிடலாம். துப்பாதீங்க."

வீட்டுக்கு வந்தபோது நிரஞ்சனி படியில் உட்கார்ந்திருந்தாள். பகலில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடியில் போன் கிடந்தது.

"மாடசாமி அண்ணன் எடுத்தாரு. கண்டி ஆஸ்பத்திரியில இருந்து."

நான் நின்றேன்.

"அண்ணிக்கு நாக்குல புற்றுநோயாம். ஆறு மாசமா ஆறாத புண்ணு ஒண்ணு இருந்திருக்கு, வெத்தலைச் சுண்ணாம்பு பட்டதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டாங்க. இன்னைக்குக் காலைல ஆபரேசனுக்குக் கொண்டு போயிட்டாங்களாம். நாக்குல பாதிய எடுக்கணுமாம்."

படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பை வைத்த இடம் அது.

"புதன்கிழம வார்டுல சேரணும்னு சொல்லியிருந்தாங்களாம். அதுக்கு மொத நாள்தான் இங்க வந்தது. பேச்சு இருக்கறப்பவே தம்பிக்கிட்ட ஒரு தடவ பேசிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தாங்களாம்." நிரஞ்சனி மூக்கைத் துடைத்தாள். "நான் சொல்லிட்டேன். பல்லு புடுங்கி, வாய்ல பஞ்சு வச்சிருந்தாரு அண்ணே, அதான் பேச முடியல, மனசுல ஒண்ணுமில்லன்னு. அண்ணிக்கிட்டச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

வாய்க்குள் கராம்பு மணத்தது. வலி எங்குமே இல்லை.

அவளுடைய குரலை நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளைத் தூங்க வைக்கிற அந்தத் தாழ்ந்த குரல். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். எதுவும் வரவில்லை. "சரி" மட்டும் வந்தது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்களைப் பார்க்க விட்டார்கள். நிரஞ்சனி கஞ்சிப் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்து, குழாயால்தான் சாப்பாடு என்பது நினைவுக்கு வந்து திரும்ப வைத்துவிட்டாள். "மொதல்ல நீங்க தனியாப் போங்க" என்றாள். பின்னேர ரயிலில் கண்டிக்குப் போனேன்.

வார்டுக்கு வெளியே மாடசாமி மச்சான் நின்றார். ஷேவ் எடுத்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கையில் பார்வையாளர் துண்டு.

"வாங்க தபால்காரரே" என்றார். "உங்க கடிதம் ஏழு வருசம் லேட்டு."

"மச்சான்..."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு நாக்கு முழுசா இருக்கு, பிறகு பேச்சு நீண்டுரும்." துண்டை என் கையில் வைத்து அழுத்தினார். "ஒருத்தரத்தான் உள்ள விடுவாங்க. போங்க. பேச்சு வருமாம். பழைய பேச்சா வராதாம்."

வார்டு நீளமாக இருந்தது. அக்காவின் கட்டில் ஜன்னல் பக்கம், கடைசிக்கு முதல். மூக்கில் குழாய். கழுத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய கட்டு. வாயின் ஓரத்தில் பஞ்சுத் துணி செருகியிருந்தது, அதன் நுனி இளஞ்சிவப்பாக இருந்தது. தலையணைகளில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தாள். என்னைப் பார்த்தாள்.

என் கால் நின்றுவிட்டது. வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு நர்ஸ் சிங்களத்தில், வழியில் நிற்க வேண்டாம், போவதென்றால் உள்ளே போங்கள் என்றாள். நான் அசையவில்லை. எதற்காக நிற்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் வாயில் இருந்தது போல இப்போது அவள் வாயில் பஞ்சு இருந்தது.

கொஞ்ச நேரம்தான் இருக்கும். அவள் ஊசி குத்திய கையைப் போர்வையிலிருந்து எடுத்து, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி, ஒரு தடவை அசைத்தாள்.

வா.

அவ்வளவு சின்ன வேலை அது.

கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தன. திறந்திருந்த பக்கத்தில் "தலகாணி ஒசத்து", "ஊசி போட்ட எடம் எரியுது", "மாட்டுக்குப் புல்லு யாரு?" என்று எழுதியிருந்தாள். உருண்டையான எழுத்து. புள்ளக்காம்பரா இடாப்பில் பிள்ளைகளின் பெயரை எழுதி எழுதி வந்த எழுத்து.

அவள் தன் கன்னத்தைத் தொட்டு, பிறகு என் கன்னத்தைக் காட்டினாள். கொப்பியை எடுத்தாள்.

"வீக்கம் இன்னும் கொறையலயே."

"மருந்து வச்சிருக்கு. வலி இல்லக்கா" என்றேன். ஏழு வருடத்தில் நான் அவளோடு பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். என் பல்லைப் பற்றி.

அவள் மறுபடி எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. நான் அந்த எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிரஞ்சனி சொன்னா. பஞ்சு வச்சிருந்தியாம். அதான் பேசல. எனக்கு மனசுல ஒண்ணுமில்ல."

கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

தலையாட்டினால் போதும். அவளும் நானும் அதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். ஒரு மடித்த பஞ்சு குறுக்கே வந்துவிட்டது, இல்லாவிட்டால் தம்பி கூப்பிட்டிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டு படுக்கலாம். புண்ணோடு கிடக்கிறவளுக்கு அது ஆறுதலாக இருக்கும். உண்மையைச் சொன்னால் இறங்குவது என் பாரம்தான், அவளுக்கு அதில் என்ன கிடைக்கும்? இப்படியெல்லாம் யோசித்தேன். என் தலை லேசாக அசையக்கூடத் தொடங்கியிருக்கும்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டில்காரியின் மகள் ஆரஞ்சு உரித்தாள். மணம் வந்தது. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் ஒரு வசதியாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஸ்டூலில் முதல் தடவையாக அது பொறுக்க முடியாததாக இருந்தது.

"அக்கா" என்றேன்.

அவள் அவசரமாகப் பென்சிலை எடுத்தாள். "பேசாத. மருந்து வெளிய வந்துரும்."

"வராது. பேசலாம்னு டொக்டர் சொன்னாங்க." குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "அன்னைக்குப் பஞ்சு எடுக்குற நேரம் முடிஞ்சிருச்சிக்கா. நீ வந்தப்ப முடிஞ்சு பதினொரு நிமிசம். நான் எடுக்கல. பேசியிருக்கலாம். பேசல."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டுக்கு மேலே தெரிந்த கண்கள் என்னையே பார்த்தன. பிறகு கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதினாள். இடையில் கை களைத்துப் போய் நிறுத்தினாள், மறுபடி எழுதினாள்.

"தெரியும். புள்ளக்காம்பராவுல எத்தன பாத்திருக்கேன். வாய்ல எதயாச்சும் வச்சிக்கிட்டு பேச மாட்டேன்னு நிக்குற மூஞ்சி."

இரண்டு தடவை வாசித்தேன். அப்படியென்றால் அதற்கு மேலே எழுதியிருந்த வரி அவள் நம்பியது இல்லை. எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் கொடுத்திருக்கிறாள்.

கொப்பியின் மேல் என் கண்ணீர் விழுந்து, "மூஞ்சி" என்பது கலைந்தது. அவள் முந்தானையைத் தேடி, ஆஸ்பத்திரிச் சட்டையில் அது இல்லாததைப் பார்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த துவாயை என் பக்கம் தள்ளினாள்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

பென்சிலை எடுத்தாள், கீழே வைத்தாள். பிறகு எழுதினாள்.

"ஒண்ணுமில்ல. பேசணும்போல இருந்துச்சு."

அவள் கொப்பியை மூடி வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று விரல்களைப் பார்த்தால் தெரிந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த உரிமை எனக்கு வந்துவிட்டதா என்று தெரியவில்லை. கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாயோரப் பஞ்சின் சிவப்பு மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஒரு நர்ஸ் வந்து அதை எடுத்து, வேறு வைத்து, போனாள்.

மணி அடித்தார்கள். ஆட்கள் எழுந்தார்கள்.

"போயிட்டு வர்றேன்க்கா. செவ்வாய்க்கிழம வர்றேன். திங்கட்கிழம மருந்து மாத்தணும்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

வாசல் வரை வந்துவிட்டேன். வந்ததும் என் கால் தானாக நின்றது. சின்ன வயதிலிருந்து பழக்கம். போயிட்டு வர்றேன் என்றால், "சரி, பாத்துப் போயிட்டு வா" என்று அவளுடைய குரல் பின்னால் வரும். அது வராமல் நான் லயத்து வாசலைத் தாண்டியதே இல்லை. எதற்காக நிற்கிறேன் என்று தெரிவதற்குள் இரண்டு மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கியிருந்தாள். விரல்கள் கீழ்நோக்கி ஒரு தடவை அசைந்தன. போ என்பதற்கும் வா என்பதற்கும் அவ்வளவு தூரத்தில் கை ஒரே மாதிரித்தான் தெரிகிறது. நர்ஸ் கதவைச் சாத்துகிற வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.